முப்பது வயதில் கல்லூரிக்குப் போன தாய்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில், முன்னாள் மாணவியும் ஓய்வுபெற்ற தோட்ட ஆஸ்பத்திரித் தாதியுமான ஒருவர் ஆற்றிய உரை)

  

நான் மேடைப் பேச்சாளர் அல்ல. முப்பத்து நான்கு ஆண்டுகள் ஊசி போட்டேன், கட்டுக் கட்டினேன், பிரசவம் பார்த்தேன். இங்கே உட்கார்ந்திருக்கும் தகப்பன்மார் சிலரை முதன்முதலில் தலைகீழாகப் பிடித்து அழவைத்தவளே நான்தான். (கைதட்டவேண்டாம், அவர்களுக்கு வெட்கமாக இருக்கும்.) தலைமையாசிரியர் என்னிடம், "மிஸ்ஸி, பிள்ளைகளுக்குப் பெரியவர் ஒருவரைப் பற்றிப் பேசுங்கள்" என்று கேட்டுக்கொண்டார். காந்தியடிகளைப் பற்றியும் பாரதியாரைப் பற்றியும் என்னைவிட நன்றாகப் பேச இந்தப் பள்ளியிலேயே மாணவர்கள் இருக்கிறார்கள். ஆகவே எனக்குத் தெரிந்த தொழிலில் இருந்து ஒருவரை அழைத்து வந்திருக்கிறேன். அவர் ஒரு வெள்ளைக்கார அம்மையார். டாக்டர் மேரி ஷார்லீப் என்று பெயர். பெண்களுக்கு வரும் நோய்களில் கைதேர்ந்த அறுவை மருத்துவர். அவர் மருத்துவம் படிக்கத் தொடங்கிய ஊர் எது தெரியுமா? நம் சென்னைப் பட்டணம்!

அவர் கதைக்குப் போகும் முன்னால் நம் லயத்துக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

1958-ஆம் ஆண்டு. நான் அப்போது மூன்றாம் வகுப்பு. வேறொரு தோட்டத்தில் குடியிருந்தோம். எங்கள் லயத்தில் ஆறாவது வீட்டு அக்காவுக்கு இடுப்பு வலி கண்டது. தலைப்பிரசவம். ஒரு நாள் போயிற்று, இரவும் போயிற்று, பிள்ளை பிறக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் வெந்நீரும் விளக்கெண்ணெயுமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருவர், "டிரெசர் ஐயாவக் கூப்பிடலாமே" என்றார். அந்த அக்காவின் மாமியார் வாசலில் வந்து நின்று, "ஆம்பளையா வந்து பாக்குறது? எங்க குடும்பத்துல அந்தப் பழக்கம் இல்ல" என்று சொல்லிவிட்டார். மறுநாள் மாலை அவர் மனம் மாறியபோது தோட்டத்து லோரி வெளியே போயிருந்தது. லோரி வந்து, பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. அந்த மாமியார் கெட்டவர் அல்ல. மருமகளுக்காக அவர் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. மானம் பெரிது என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வாசலில் ஒரு பெண் டாக்டர் வந்து நின்றிருந்தால் அவர் கதவைத் திறந்திருப்பாரா மாட்டாரா என்பதுதான் கேள்வி.

இதே கேள்வி, எங்கள் லயத்துக்குத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னாலேயே, சென்னையில் இருபத்தொரு வயது வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியின் மனத்தில் நுழைந்தது.

மேரி பிறந்தது 1845-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 18-ஆம் நாள், இலண்டன் மாநகரில். அவர் பிறந்த பத்தாம் நாள் தாய் இறந்துபோனார். தாய்முகம் அறியாத பிள்ளை. தாத்தா பாட்டியிடம் வளர்ந்தார், நல்ல பள்ளியில் படித்தார். அந்தக் காலத்து இங்கிலாந்தில் வசதியான வீட்டுப் பெண்ணின் படிப்பு எதற்கு? நாலு பேர் மத்தியில் பேசப் பழக, பியானோ வாசிக்க, நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட. நம் ஊரில் மட்டும்தான் "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குப் படிப்பு" என்று கேட்டார்கள் என்று நினைக்காதீர்கள். அங்கேயும் அதே கேள்விதான், உடுப்பு மட்டும் வேறு.

வில்லியம் ஷார்லீப் என்ற வழக்கறிஞரை மணந்தார். அவருக்குச் சென்னையில் தொழில். 1866-இல் புதுமணத் தம்பதிகள் கப்பலேறிச் சென்னைக்கு வந்து சேர்ந்தார்கள். சூயஸ் கால்வாய் திறக்கவே இன்னும் மூன்று ஆண்டு இருந்தது என்றால் அந்தப் பயணம் எப்படிப்பட்டது என்று எண்ணிப் பாருங்கள்.

சென்னையில் துரைசானி வாழ்க்கை எப்படி இருக்கும்? பெரிய பங்களா, சமையற்காரர், ஆயா, தோட்டக்காரர், மாலையில் கடற்கரைக் காற்று. நம் தோட்டத்துத் துரை வீட்டு அம்மாக்களைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மேரி அம்மையாரும் கணவருடைய சட்ட வேலைகளுக்குக் கைகொடுத்துக்கொண்டு, பிள்ளைகளைப் பெற்றுக்கொண்டு, அப்படியே இருந்துவிட்டிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் ஒரு விஷயம் அவர் காதில் விழுந்தது. விழுந்தது போகவில்லை.

சென்னையில் முஸ்லிம் குடும்பங்களிலும், இந்துக்களில் உயர்ந்த சாதி என்று சொல்லிக்கொண்ட குடும்பங்களிலும் பெண்கள் அந்நிய ஆண்கள் கண்ணில் படக்கூடாது. இதைக் 'கோஷா' என்பார்கள். பிரசவத்தில் பிள்ளை குறுக்கே நின்றுவிட்டால், இரத்தம் நிற்காமல் போனால், பெற்ற பிறகு ஜன்னி கண்டால், டாக்டரைக் கூப்பிட முடியாது. டாக்டர் என்றாலே ஆண். ஆகவே மருத்துவச்சிப் பாட்டி தனக்குத் தெரிந்ததைச் செய்வாள், மீதியைத் தெய்வத்திடம் விட்டுவிடுவாள். மருத்துவச்சிப் பாட்டிகளை நான் இழிவாகப் பேச மாட்டேன். என் பிறப்பைப் பார்த்தவளே ஒரு பாட்டிதான். பத்துப் பிரசவத்தில் ஒன்பதை அவர்கள் நன்றாகவே பார்ப்பார்கள். அந்தப் பத்தாவதுக்குத்தான் படித்த கை வேண்டும். ஒரே நகரத்தில் ஒரு பக்கம் ஆஸ்பத்திரி, மருந்து, கத்தி, மயக்கம் கொடுக்கும் குளோரோஃபார்ம் எல்லாம் இருக்கிறது. மறுபக்கம் ஒரு கதவுக்குப் பின்னால் ஒரு பெண் செத்துக்கொண்டிருக்கிறாள். நடுவே இருப்பது அந்தக் கதவு மட்டுமே. அதைத் தட்டினால் திறக்கக்கூடிய ஆள் ஒரு பெண்ணாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

மேரி அம்மையார் முதலில் டாக்டராக நினைக்கவில்லை. அரசாங்கப் பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போய், "எனக்குப் பிரசவம் பார்க்கச் சொல்லிக்கொடுங்கள்" என்று கேட்டு, ஏறத்தாழ ஓராண்டு மருத்துவச்சி வேலை பழகினார். வழக்கறிஞர் வீட்டு அம்மாள் பிரசவ வார்டில் நிற்பதை அந்தக் காலத்து நாகரிக மனிதர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்பதை உங்கள் ஊகத்துக்கு விட்டுவிடுகிறேன். பழகப் பழக அவருக்கு ஒன்று விளங்கிற்று. அரைகுறையாகத் தெரிந்துகொண்டு போய் நிற்பது பத்தாவது பெண்ணைக் காப்பாற்றாது. முழுதாகப் படிக்க வேண்டும்.

அப்போது சென்னை மாகாணத்தில் சர்ஜன் ஜெனரலாக இருந்தவர் எட்வர்ட் பால்ஃபர். பெண்களுக்கு வைத்தியம் பார்க்கப் பெண்களே படித்து வர வேண்டும் என்பது அவருடைய கொள்கை. அவர் ஆதரவோடு 1875-ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரி தன் கதவைப் பெண்களுக்குத் திறந்தது. நான்கு பேர் சேர்ந்தார்கள். மூவர் இளம்பெண்கள். நான்காமவர் முப்பதை எட்டிக்கொண்டிருந்த, மூன்று பிள்ளைகளுக்குத் தாயான மேரி ஷார்லீப்.

தாய்மார்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். சமையலறையில் இருந்துகொண்டு "என் காலம் முடிஞ்சுபோச்சு, இனிமே புள்ளைங்க படிச்சாப் போதும்" என்று நாம் எல்லாரும் சொல்லியிருக்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். அந்த அம்மாளுக்கு வீட்டில் சமையற்காரர் இருந்தார், ஆயா இருந்தார், நமக்கு இல்லை, அது உண்மைதான். அதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது நேர்மையாகாது. ஆனாலும் பிணத்தை அறுத்துப் படிக்கும் வகுப்பில் சமையற்காரர் அவருக்காக உட்கார முடியாது. எலும்பின் பெயர்களை ஆயா மனப்பாடம் செய்து கொடுக்க முடியாது.

கல்லூரியில் எல்லாரும் மாலை போட்டு வரவேற்றார்கள் என்று எண்ண வேண்டாம். வார்டுக்குப் பொறுப்பாக இருந்த ஒரு டாக்டர், "நீங்கள் என் வார்டில் நடப்பதை நான் தடுக்க முடியாது, ஆனால் நான் உங்களுக்குச் சொல்லித்தர மாட்டேன்" என்ற பொருளில் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். வாத்தியார் சொல்லித்தராவிட்டால் என்ன செய்வது? நோயாளிகளைப் பார்த்துப் பார்த்தே படித்தார்கள். நான் தாதிப் பயிற்சிக்குப் போனபோது ஒருவர் எனக்கும் இப்படித்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெயர் வேண்டாம், போய்ச் சேர்ந்துவிட்டார். அவரிடம் நான் கற்றதுதான் அதிகம். அவர் செய்வதை விடாமல் கவனித்தேன் அல்லவா!

அந்தப் பெண்கள் படித்த 1875 முதல் 1878 வரையிலான ஆண்டுகளைக் கவனியுங்கள். 1876-இல் இருந்து 1878 வரை சென்னை மாகாணத்தில் தலைவிரித்தாடியது தாது வருஷப் பஞ்சம். இலட்சக்கணக்கில் மக்கள் மாண்டார்கள். தப்பித்தவர்களில் பலர் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்கு வந்து கரும்புத் தோட்டங்களிலே கூலிகளாகச் சேர்ந்தார்கள். அவர்கள் நம் முன்னோர். எங்கள் வீட்டிலும் 'தாது வருஷம்' என்ற பேச்சை என் பாட்டி எடுத்தால் சோற்றை யாரும் மிச்சம் வைக்க மாட்டார்கள். ஆக, நம் பாட்டன்மார் பசியோடு கடல் தாண்டிய அதே நாட்களில், அதே மாகாணத்தின் தலைநகரில், நான்கு பெண்கள் விளக்கை ஏற்றிவைத்துக்கொண்டு வைத்தியம் படித்தார்கள். சரித்திரம் ஒரே வீதியில் இரண்டு ஊர்வலம் விடும்.

இன்னொரு செய்தி. இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கர்வம் வரும், மன்னிக்க வேண்டும். அதே காலத்தில் இங்கிலாந்து எப்படி இருந்தது? ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரில் சோஃபியா ஜெக்ஸ் பிளேக் என்பவரும் தோழிகளும் மருத்துவம் படிக்கப் போராடினார்கள். 1870-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அவர்கள் தேர்வு எழுதப் போனபோது கும்பல் கூடி வழிமறித்துச் சேற்றை வாரி வீசியது. தேர்வு மண்டபத்துக்குள் ஓர் ஆட்டையும் ஓட்டிவிட்டார்கள். கடைசியில் அந்தப் பல்கலைக்கழகம் அவர்களுக்குப் பட்டமே தரவில்லை. இலண்டன் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் தர ஒப்புக்கொண்டது 1878-இல்தான். சென்னைக் கல்லூரியோ 1875-லேயே திறந்துவிட்டது. முன்னேற்றம் எப்போதும் மேற்கிலிருந்துதான் கப்பலில் வரும் என்று நினைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளட்டும். பட்டதாரிப் படிப்பு அல்ல, மூன்றாண்டுப் படிப்புதான். ஆனால் கதவு கதவுதானே!

1878-இல் மேரி அம்மையார் சென்னையில் தேறினார். அதோடு நிறுத்திக்கொண்டாரா? இல்லை. உடல் நலமும் சரியில்லை, படிப்பும் போதவில்லை. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இங்கிலாந்துக்குப் போனார். கணவர் சென்னையிலே தங்கித் தொழில் பார்த்தார். 'மனைவி படிக்கட்டும்' என்று ஆண்டுக் கணக்கில் தனியாக இருந்த அந்த மனிதரைப் பற்றி யாரும் மேடையில் பேசுவதில்லை. இன்று நான் பேசுகிறேன். அவருக்கும் ஒரு கைதட்டல் கொடுங்கள், தந்தைமார்களே!

இலண்டனில் பெண்களுக்கென்று 1874-இல் தொடங்கப்பட்ட மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். 1882-ஆம் ஆண்டு இலண்டன் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் பெண்கள் இருவர். ஒருவர் எடித் ஷோவ், மற்றவர் நம் மேரி ஷார்லீப். பிரசவ மருத்துவத்தில் தங்கப் பதக்கமும் அவருக்கே கிடைத்தது. தாய்முகம் அறியாத பிள்ளை, பிரசவ வைத்தியத்தில் தங்கப் பதக்கம் வாங்கியது. அந்தப் பதக்கத்தைக் கையில் வாங்கியபோது அவர் என்ன நினைத்தார் என்று நான் எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன்.

பிறகு, சிக்கலான பிரசவங்களைக் கையாளப் பழகுவதற்காக ஆஸ்திரியா நாட்டு வியன்னா நகருக்குச் சென்றார். வியன்னா என்றதும் என் போன்ற தாதிகளுக்கு வேறொரு பெயர் நினைவுக்கு வரும்: டாக்டர் செம்மல்வைஸ். 1847-இல் அந்த நகரத்து ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் அவர் ஒன்றைக் கண்டார். டாக்டர்கள் பார்த்த வார்டில் தாய்மார்கள் ஜன்னியில் மாண்டுகொண்டிருந்தார்கள், மருத்துவச்சிகள் பார்த்த வார்டில் சாவு மிகக் குறைவு. காரணம் என்ன? டாக்டர்கள் பிணம் அறுத்த கையோடு வந்து பிரசவம் பார்த்தார்கள். சுண்ணாம்பும் குளோரினும் கலந்த நீரில் கையைக் கழுவிவிட்டு வரச் சொன்னார் அவர். ஏப்ரல் மாதத்தில் நூற்றுக்கு 18 தாய்மார் இறந்த வார்டில் ஜூன் மாதம் நூற்றுக்கு 2 பேருக்கு மேல் கொஞ்சம்தான். இவ்வளவு பெரிய உண்மையைச் சொன்னவரைப் பெரிய டாக்டர்கள் பலர் ஏற்கவில்லை. 1865-இல் மனநோய் விடுதியிலே இறந்துபோனார். நான் ஒவ்வொரு பிரசவத்துக்கும் முன்னால் கை கழுவும்போது, "இன்னும் ஒரு தரம், டாக்டருக்காக" என்று சொல்லிக்கொள்வேன். உடனிருக்கும் மருத்துவச்சிகள் எந்த டாக்டர் என்று தேடுவார்கள்!

மேரி அம்மையார் சென்னைக்குத் திரும்பும் முன்னால் விக்டோரியா மகாராணியார் அவரை அழைத்துப் பேசினார். பெண்கள் டாக்டராவது மகாராணியாருக்குப் பிடித்தமான காரியம் அல்ல. ஆனால் கதவுக்குப் பின்னால் சாகும் பெண்களைப் பற்றிக் கேட்டபோது, தாமே ஒன்பது பிள்ளை பெற்ற தாயல்லவா, மனம் இளகியது. சென்னையில் பெண்களுக்காக எழும் ஆஸ்பத்திரிக்குத் தம் பெயரை வைத்துக்கொள்ள இசைவு தந்தார்.

1883-இல் சென்னை. கவர்னர் கிராண்ட் டஃப் துரையும் அவர் துணைவியாரும் ஆதரவு தந்தார்கள். 1885-ஆம் ஆண்டு நுங்கம்பாக்கத்தில் ஒரு வீட்டிலே ஆஸ்பத்திரி தொடங்கிற்று. பின்னர் வெங்கடகிரி ராஜா ஓர் இலட்சம் ரூபாய் நன்கொடை தர, 1890-இல் சேப்பாக்கம் கடற்கரைப் பக்கம் சொந்தக் கட்டடத்துக்குப் போயிற்று. நோயாளிகள் பெண்கள், பார்க்கிற டாக்டர் பெண், தாதிகள் பெண்கள். மூடுவண்டியில் திரை போட்டுக்கொண்டு வந்து இறங்கினார்கள், இதற்குமுன் எந்த டாக்டரையும் கண்ணால் பாராத பெண்கள். அதோடு தம்மை முன்பு மாணவியாக ஏற்றுக்கொண்ட அதே மருத்துவக் கல்லூரியில் பிரசவ மருத்துவம் போதிக்கும் விரிவுரையாளராகவும் மேரி அம்மையார் நின்றார்.

அந்த ஆஸ்பத்திரியின் முழுப் பெயர் என்ன தெரியுமா? 'சாதிப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்குமான அரச விக்டோரியா ஆஸ்பத்திரி.' சாதி என்ற சொல்லை வாசல் பலகையிலேயே எழுதியிருந்தார்கள். ஏழைப் பெண்களுக்கு எழும்பூர்ப் பிரசவ ஆஸ்பத்திரி இருந்தது, அங்கே வர மறுத்தவர்களுக்காக இது என்று காரணம் சொல்லலாம். வழக்கத்தை உடைக்க முடியாதபோது அதற்குள் புகுந்து உயிரைக் காப்பாற்றினார்கள் என்றும் சொல்லலாம். அது நியாயமும்கூட. ஆனால் சாதிக்காரர் கிணற்றில் தண்ணீர் மொள்ள முடியாமல் கப்பல் ஏறியவர்களின் பேத்தி நான். அந்தப் பலகையைப் பற்றிப் படித்தபோது எனக்குச் சுருக்கென்று குத்தியது. அம்மையாருடைய தொண்டைப் போற்றும்போதே இதையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

சென்னை வெயிலும் ஓயாத வேலையும் உடம்பை வாட்ட, 1887-இல் இங்கிலாந்துக்குத் திரும்பினார். அங்கேதான் அவருடைய கத்தியின் புகழ் பரவியது. 1888-இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் எம்.டி. பட்டம். அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர். இங்கிலாந்தில் பெண் டாக்டர்களுக்கு முன்னோடியான எலிசபெத் காரெட் ஆண்டர்சன் அம்மையார் பெண்களுக்காகவே நிறுவிய புதிய ஆஸ்பத்திரியில் அறுவை மருத்துவராகி, பின்னர் அங்கேயே தலைமை அறுவை மருத்துவராகவும் உயர்ந்தார்.

என்ன அறுவை? பிள்ளைகள் இருக்கிற சபை, பக்குவமாகச் சொல்கிறேன். பெண்களின் வயிற்றுக்குள் கருப்பையின் இரு பக்கமும் சினைப்பைகள் உண்டு. அதில் கட்டி வளர்ந்தால் வயிறு மாதக் கர்ப்பிணி போல் பெருத்துவிடும். கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு வந்துவிட்டாலோ ஊர் என்ன பேசும்? இந்தத் தோட்டத்திலேயே அப்படி ஒரு பெண்பிள்ளையின் மீது பழி போட்டுப் பேசியதை நான் கேட்டிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்துத் தட்டில் வைத்துக் காட்டிய பிறகுதான் வாய்கள் மூடின.

முதன்முதலில் இந்தக் கட்டியை வயிற்றைத் திறந்து எடுத்து வெற்றி கண்டவர் அமெரிக்காவில், கெண்டக்கி மாநிலத்து டேன்வில் ஊரில் இருந்த இஃப்ரைம் மெக்டவல் என்ற டாக்டர். 1809-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். நோயாளி ஜேன் டாட் கிராஃபோர்ட் என்ற அம்மாள். அறுபது மைல் தூரம் குதிரையில் வந்தார், அந்த வயிற்றோடு! மயக்க மருந்து என்பதே அப்போது கிடையாது. இருபத்தைந்து நிமிடத்தில் இருபத்திரண்டரை இராத்தல் கட்டியை எடுத்தார் டாக்டர். ஐந்தாம் நாள் போய்ப் பார்த்தால் அந்த அம்மாள் எழுந்து தம் படுக்கையைத் தாமே விரித்துக்கொண்டிருந்தாராம்! அதன்பின் முப்பத்திரண்டு ஆண்டு வாழ்ந்தார். புத்தகங்கள் டாக்டரைப் புகழ்கின்றன. நான் அந்த அம்மாளைத்தான் முதலில் கும்பிடுவேன்.

மேரி அம்மையார் கத்தி எடுத்த காலத்தில் குளோரோஃபார்ம் வந்துவிட்டது. லிஸ்டர் என்ற டாக்டர் 1867-இல் வெளியிட்ட கிருமிநாசினி முறையும் பரவியிருந்தது. ஆயினும் வயிற்றைத் திறப்பது உயிரோடு விளையாடும் காரியம்தான். இரத்தம் ஏற்ற வழியில்லை, பென்சிலின் இல்லை. ஒரு பெண்ணால் அந்த நிதானத்தோடு அறுக்க முடியுமா என்று கேட்ட ஆண் டாக்டர்களின் காலம் அது. அவர் பதில் பேசவில்லை. ஒவ்வொரு நோயாளியாக எழுந்து வீட்டுக்கு நடந்து போனார்கள். 1902-இல் ராயல் ஃப்ரீ என்ற பெரிய பொது ஆஸ்பத்திரி அவரைப் பெண்கள் நோய் மருத்துவராக நியமித்தது.

இடையிலே 1891-இல் கணவர் காலமானார். பெரும்பகுதி கடலுக்கு இருகரையிலுமாக வாழ்ந்த தம்பதிகள். அது பற்றி நான் வேறென்ன சொல்ல. தோட்டம் விட்டுத் தோட்டம் பிழைக்கப்போன கணவனுக்குக் காத்திருந்த பெண்கள் இங்கே இருக்கிறீர்கள், உங்களுக்குத் தெரியும்.

அவர் சொன்னது எல்லாமே எனக்கு உடன்பாடு அல்ல. குடும்பக் கட்டுப்பாட்டை அவர் எதிர்த்தார். எட்டும் பத்தும் பெற்று இரத்தம் வற்றிப்போன உடம்புகளை முப்பத்து நான்கு ஆண்டு பார்த்த நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர் இங்கே இருந்தால் ஒரு கோப்பித் தண்ணி கொடுத்து உட்காரவைத்துச் சண்டை போடுவேன்.

1926-இல் அரசாங்கம் அவருக்கு 'டேம்' என்ற உயரிய பட்டம் தந்தது. 1930-ஆம் ஆண்டு நவம்பர் மாதம், எண்பத்தைந்தாம் வயதில் இலண்டனில் கண்மூடினார்.

அந்தக் கதவு மட்டும் மூடவில்லை. புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த ஒரு தமிழ்ப் பெண், ஆண்கள் கல்லூரியில் இடம் கேட்டுப் போராடிப் படித்து, 1907-இல் அதே சென்னை மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்தார். 1912-இல் டாக்டராக வெளியே வந்தார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியை உண்டாக்கியவர். அவரைப் பற்றி அடுத்த ஆண்டு என்னைக் கூப்பிட்டால் பேசுகிறேன், இப்போது தலைமையாசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.

இன்னும் ஒரே ஒரு செய்தி. போன மாதம் இந்தப் பள்ளியின் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி என் வீட்டுக்கு வந்தாள். அவளுடைய தாய் மருந்து வாங்க அனுப்பியிருந்தார். சுவரில் மாட்டியிருந்த என் பயிற்சிக் கூடத்துப் படத்தைப் பார்த்துவிட்டு, "மிஸ்ஸி, நீங்க ஏன் டாக்டருக்குப் படிக்கல?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. எங்கள் வீட்டில் நான் மூத்தவள், கீழே ஐந்து பேர், அப்பாவுக்கு நெஞ்சு வலி. தாதிப் பயிற்சியில் முதல் மாதமே சம்பளம் வரும் என்றார்கள், போனேன். அதைச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எங்க வீட்டுல நான் கடைசி" என்றாள்.

அந்தப் பிள்ளை மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய தாயும் தகப்பனும் வந்திருக்கிறார்கள், பார்த்தேன். விழா முடிந்ததும் அவர்களிடம் தனியாக ஒரு வார்த்தை பேச வேண்டும்.

சென்னைக்குப் போகிறவர்கள் திருவல்லிக்கேணிப் பக்கம் போனால் பாருங்கள். விக்டோரியா மகாராணி பெயர் அந்த ஆஸ்பத்திரியை விட்டுப் போய்விட்டது, சாதிப் பலகையும் போய்விட்டது. கஸ்தூரிபா காந்தி அம்மையார் பெயரில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான அரசாங்க ஆஸ்பத்திரியாக அது நடக்கிறது. ஆனாலும் ஊர் வாயில் 'கோஷா ஆஸ்பத்திரி' என்ற பழைய பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. கோஷாவே இல்லாத ஏழைப் பெண்கள் எல்லாச் சாதியிலிருந்தும் அங்கே பிள்ளை பெற்றுக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள்.

 பிள்ளைகளே, பரிசு வாங்க வாருங்கள்.